எட்டத்துக் குறி

நேயர்களுக்கு வணக்கம். 22 வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, இப்போது களக்காட்டுப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறவன் நான். துப்பாக்கியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். வல்லநாட்டில் துள்ளுகிற வெளிமானைக் கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் இருக்கிறான். அங்கே லைசென்ஸ் எடுத்து, சீசனில் மான் வேட்டைக்குப் போகலாம். “மாமா, அங்க எல்லாம் வெட்டவெளி. மான் நானூறு மீட்டர்ல நிக்கும். எந்த காலிபர் வாங்கட்டும்?” என்று போனில் கேட்டான். பெரிய காலிபர்தான் எட்டப் போகும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

காலிபர் என்பது குண்டின் பருமன். 308 வின்செஸ்டர் என்கிற தோட்டா 1952-இல் வந்தது, குண்டு 7.8 மில்லிமீட்டர் தடிமன். ராணுவத்தில் நாங்கள் தூக்கித் திரிந்த 7.62 எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் தோட்டாவுக்கு ஒட்டின உறவு. 6.5 கிரீட்மோர் இன்னொரு தோட்டா, 2007-இல், குறிசுடும் போட்டிக்கென்று செய்தது. குண்டு ஒல்லி, ஆனால் நீளம். எடை ஒன்பது கிராம், நம் கணக்கில் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே.

சின்ன வயதில் கவட்டை அடித்தவர்களுக்கு இது உடனே புரியும். வேப்பங்கொட்டையை வைத்து இழுத்துவிட்டால் விருட்டென்று கிளம்பும், பத்தடியில் காற்றிலேயே செத்துவிடும். குளத்தாங்கரைக் கூழாங்கல் அப்படி இல்லை, மாமரத்து உச்சி வரை போகும். கிளம்புகிற வேகத்தைவிட, போகிற வழியில் வேகத்தை விடாமல் வைத்திருப்பதுதான் முக்கியம். ஒல்லியான நீளக் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது.

குண்டு இறங்குவதைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். 100 மீட்டருக்குக் குறி வைத்த துப்பாக்கியில் 300 மீட்டரில் ஒரு முழம் இறங்கும், 500-இல் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். இறங்கட்டுமே! தூரத்தை அளக்கக் கருவி இருக்கிறது, டெலஸ்கோப்பில் திருகு இருக்கிறது. திருகிக்கொள்ளலாம். காற்றுக்கு அப்படி ஒரு திருகு எண்ணை யாரும் எழுதித் தர முடியாது.

ராஜஸ்தானில் ஒருநாள் 300 மீட்டர் சுட்டுக்கொண்டிருந்தோம். என் பக்கத்துக் கொடி அசையவில்லை. பாதி வழியில் புழுதி குறுக்கே ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பத்துக் குண்டும் ஒரு முழம் இடப்பக்கம். எங்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் நம்மூர்க்காரர்தான். “காத்தாடி சுத்துற ஊர்லேருந்து வந்திருக்க, காத்துப் பாக்கத் தெரியலியாலே?” என்றார். காற்றாலைகள் சுற்றுகிற கயத்தாறு வழியாகப் போனவர்களுக்கு அந்த வசவின் உறைப்பு தெரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று இறங்கும்போது பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது, சலசலக்கிறதா, படபடக்கிறதா என்று பார்த்து வளர்ந்தவன்தானே நான்!

மருமகனுக்கு இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று குறுக்கே அடித்தால், 500 மீட்டரில் 308 குண்டு ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் ஒதுங்கும், 6.5 கிரீட்மோர் ஒரு முழம். மானின் நெஞ்சாங்குலையும் நுரையீரலும் இருக்கிற இடம் ஒரு சாண்தான். ஒதுங்கினால் வயிற்றில் படும். அந்த வாயில்லா ஜீவன் ராத்திரி முழுக்க எங்கோ கிடந்து துடிக்கும்.

இவற்றைவிட வலுவான 300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கலாமே என்றான். எல்க் மாதிரி எருமை கனத்துக்கு இருக்கிற மிருகத்துக்கு அது சரி. ஆனால் அதன் உதை கிரீட்மோரைப் போல இரண்டு மடங்கு. நாலு தடவை தோளில் வாங்கினால் ஐந்தாவது தடவை விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும். தடித்தடி ஆட்களுக்கே அப்படி ஆவதைப் பார்த்திருக்கிறேன்.

6.5 கிரீட்மோரே வாங்கினான். 300 மீட்டருக்கு மேல் சுடாதே, கிட்டப் போ என்று சொல்லியிருந்தேன். போன நவம்பரில் போன் வந்தது. மான் 400 மீட்டரில் நின்றதாம், புல் சாய்ந்து சாய்ந்து எழுந்ததாம். தவழ்ந்து போவதற்குள் அது மேட்டைத் தாண்டிவிட்டது.

“காத்து எவ்வளவுன்னு பாக்க ஒரு பனமரம்கூட இல்ல மாமா இங்க” என்றான்.