அந்த 25 ஆண்டுகளையும் சொல்லுங்கள்

அன்பான பெற்றோரே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே,

ஆபிரகாமின் கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறோம்? "பிள்ளை தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தார், ஈசாக்கு பிறந்தான்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். அந்த வாக்கை நம்பி ஆரான் ஊரை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் இருந்த 25 ஆண்டுகள் எங்கே போயின? அந்த ஆண்டுகளில்தான் அவர் மனைவி சாராள் காத்திருக்க முடியாமல், தன் வேலைக்காரி ஆகார் மூலம் பிள்ளை பெறத் தானே ஒரு வழி தேடினாள். ஆகாரின் மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. அதற்குப் பிறகும் 14 ஆண்டுகள்! இதையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னால், கேட்டவுடன் கடவுள் கொடுத்துவிடுவார் என்றுதானே குழந்தை நினைக்கும்? ஒரு வாரம் ஜெபித்தும் பதில் வராதபோது அது கலங்கத்தானே செய்யும்?

யோசேப்பையும் அப்படித்தான் அவசரப்படுத்துகிறோம். தான் உயர்வதாக 17 வயதில் கனவு கண்டவனுக்கு, எகிப்தின் அரசன் பார்வோன் முன் நின்றபோது 30 வயது. சிறையில் அவன் உதவிய, அரசனுக்குப் பானம் பரிமாறும் பானபாத்திரக்காரன் அவனை மறந்தே போனான்; அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஓடின. அந்த இரண்டு ஆண்டுகளில் நின்று, "யோசேப்பு இப்போது என்ன நினைத்திருப்பான்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படாதீர்கள்.

பொறுமையாய் இரு என்று அதட்டுவதால் பொறுமை வராது. கொடுப்பவர்மேல் நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை காத்திருக்கும். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயது வரையிலான 28 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. படம் வரைய நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகச் சொன்ன பெரியவர் சிலருக்குக் கொண்டுவந்தார். சிலரிடம் வெறுங்கையோடு வந்தார். பிறகு எல்லாரிடமும், இந்தத் தின்பண்டத்தை இப்போது சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன் என்றார். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் காத்திருந்தது 3 நிமிடம்தான். எனக்கு இது பெரிய எச்சரிக்கையாகப் படுகிறது. பிள்ளையைச் சமாதானப்படுத்த "நாளைக்கு வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிற நாம், காணாத கடவுளின் வாக்கை நம்பு என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொன்று. கடவுள் சொல்லாததை அவர் பெயரில் வாக்களிக்காதீர்கள். ஜெபித்தால் முதல் மதிப்பெண் கிடைக்கும், தாத்தா கட்டாயம் பிழைத்துக்கொள்வார் என்றெல்லாம் அவர் எங்கேயும் சொல்லவில்லை. உன்னை விட்டு விலகமாட்டேன், உன்னைக் கைவிடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதைத் தயங்காமல் கொடுங்கள்.

காத்திருந்து களைத்துப் பிள்ளை அழுதால், "கடவுளிடம் அப்படிக் கேட்கக் கூடாது" என்று வாயடைக்காதீர்கள். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். மொத்தமே ஆறு வசனங்கள்தான். பிள்ளையை அருகில் உட்காரவைத்து, இருவருமாகச் சத்தமாக வாசியுங்கள்.