வினாத்தாளை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தை மாற்றலாமா?

வணக்கம் நேயர்களே. உயர்கல்வியில் பாடத்திட்டத்தை எப்படி மாற்றுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது எப்படி மாறாமல் போகிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பாடத்திட்டத்தை வகுக்கிற பாடக்குழு கூடும். புதிதாக ஒரு தலைப்பைச் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் எல்லோருக்கும் சம்மதம்தான். சரி, எதை நீக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்குத் தன் பாடத்தைப் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஒரு பாடத்தை நீக்கினால் ஒருவருடைய பாடவேளை குறையும், பாடவேளை குறைந்தால் பணியிடமே ஆட்டம் காணும், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. கடைசியில் புதுத் தலைப்பு ஐந்தாம் அலகின் கடைசி வரியில் போய் உட்காரும். செமஸ்டர் முடிகிற நேரத்தில் அதை யார் நடத்துவது?

படிப்பின் சுமையைக் கணக்கிடும் ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் உட்கார்ந்து படிப்பதும் சேர்த்து. அப்படி மணிக்கணக்கு வைத்துப் பார்த்தால்தான் எதையும் எடுக்காமல் சேர்த்துக்கொண்டே போக முடியாது என்பது புரியும்.

ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. 1949-லேயே ரால்ஃப் டைலர் என்ற கல்வியாளர் நான்கு கேள்விகளை வைத்தார்: நோக்கம் என்ன, அதற்கு என்ன அனுபவம் தர வேண்டும், அதை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படிப் பார்ப்பது. நாம் முதல் மூன்றுக்கும் மாதக்கணக்கில் கூடிப் பேசுகிறோம், நான்காவதைத் தேர்வுப் பிரிவிடம் தள்ளிவிடுகிறோம். நோக்கம் என்ற இடத்தில் 'பகுப்பாய்வுத் திறன்' என்று அழகாக எழுதியிருக்கும், வினாத்தாளிலோ 'வரையறு', 'பட்டியலிடு', 'சிறுகுறிப்பு வரைக'. மாணவர் எதைப் படிப்பார்? பழைய வினாத்தாளைத்தான், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோக்கம், கற்பித்தல், மதிப்பீடு மூன்றும் ஒரே திசையில் போக வேண்டும் என்று ஜான் பிக்ஸ் என்ற கல்வியாளர் 1996-ல் எழுதியதும் இதைத்தான்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவக் கல்லூரி இதைத் துணிந்து செய்து பார்த்தது. அங்கே நோயாளியின் பிரச்சினையை முன்வைத்துச் சிறு குழுக்களாகப் படிக்கிறார்கள். அப்படிப் படிப்பவர்களுக்குப் பாடவாரியாக மனப்பாடத் தேர்வு வைத்தால் ஒரே வாரத்தில் குழு விவாதம் காற்றில் பறந்துவிடும். அதனால் பட்டம் பெறுபவருக்கு இருக்க வேண்டிய அறிவை அளவாக வைத்து ஒரு தாள், அதை முதலாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை எல்லோரும் எழுத வேண்டும் என்று வைத்தார்கள், ஆண்டுக்கு நான்கு முறை. முதலாண்டு மாணவருக்குப் பாதிக்கு மேல் தெரியாது, தெரியவும் வேண்டாம், அவர் ஒவ்வொரு முறையும் எவ்வளவு முன்னேறுகிறார் என்பதுதான் கணக்கு. நாளைய தேர்வுக்காக இன்று இரவு விழித்திருந்து படிப்பதால் இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

எல்லாத் துறைக்கும் இதே முறை ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பாடக்குழுக் கூட்டத்தில் புதிய தலைப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கடந்த மூன்றாண்டு வினாத்தாள்களை மேசையில் பரப்புங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இதற்கு விடை எழுத மாணவர் யோசிக்க வேண்டுமா, ஒப்பித்தால் போதுமா என்று குறியுங்கள். அப்புறம், யோசிக்க வைக்கிற விடைகளைத் திருத்த நேரம் பிடிக்கும், ஆகவே ஆசிரியருக்கு அந்த நேரத்தையும் அதே கூட்டத்திலேயே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் அவரே அடுத்த செமஸ்டரில் சிறுகுறிப்புக்குத் திரும்பிவிடுவார்.