ஷகால் திறந்துவெச்ச கதவு

வணக்கம் மக்களே! நான் இப்ப பெலாரஸ்ல, விதெப்ஸ்க் ஊர்ல நிக்கிறேன். நம்ம பக்கமிருந்து டாக்டருக்குப் படிக்க வர்ற பசங்களுக்கு இந்த ஊர்ப் பேரு தெரியும். எனக்குப் பின்னாடி தெரியுதே, இந்தக் கட்டடம் ஒரு பேங்கரோட மாளிகையா இருந்தது. 1917 ரஷ்யப் புரட்சிக்கு அப்புறம் ஓவியப் பள்ளிக்கூடம். 2018லேருந்து அந்தப் பள்ளிக்கூடத்தோட கதையைச் சொல்ற மியூசியம்.

ஆரம்பிச்சது ஓவியர் மார்க் ஷகால், இந்த ஊர்ப் பிள்ளை. அவரு பீட்டர்ஸ்பர்க்ல படிக்கப் போனப்ப, யூதர்ங்கிறதால அந்த நகரத்துல தங்குறதுக்கே அனுமதிச் சீட்டு வேணும். அதை மனசுல வெச்சுக்கிட்டு மேல கேளுங்க. 1918ல அவரையே இங்க கலைக்கான கமிஸார், அதாவது புரட்சி அரசோட அதிகாரி ஆக்குறாங்க. 1919 ஜனவரி 28, பள்ளிக்கூடம் திறக்குது. உள்நாட்டுப் போர் நடக்குது, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. ஆனா இங்க ஃபீஸ் கிடையாது, வயசு வரம்பு கிடையாது. ஏழை வீட்டுப் பசங்க வந்து பிரஷ்ஷைப் புடிச்சாங்க. எனக்கு உள்ள நடக்கும்போது அதுதான் திரும்பத் திரும்பத் தோணுச்சு.

இந்தப் பிரிண்டைப் பாருங்க, கேமராவுக்குக் கிட்ட காட்டுறேன். கறுப்புப் பின்னணியில ஒரு வெள்ளை வட்டம். இடது பக்கமிருந்து ஒரு சிவப்பு முக்கோணம் வந்து அதுக்குள்ள குத்தி நிக்குது. 'சிவப்பு ஆப்பால வெள்ளையரை அடி'ன்னு எழுதியிருக்கு. வெள்ளையர்னா புரட்சிக்கு எதிரா சண்டை போட்ட வெள்ளைப் படை. மனுஷ முகம் ஒண்ணுகூட இல்ல, ஆனா போர் தெரியுதுல்ல? வரைஞ்சது எல் லிசிட்ஸ்கி. இங்க சொல்லிக்கொடுக்க அவரைக் கூப்பிட்டதே ஷகால்தான்.

அந்த லிசிட்ஸ்கிதான் 1919 கடைசியில மலேவிச்சைக் கூட்டிட்டு வர்றாரு, 'கறுப்புச் சதுரம்' வரைஞ்ச அதே மலேவிச். அவரு பேச ஆரம்பிச்சா பசங்க அப்படியே சொக்கிப் போயிடுவாங்களாம். 1920 பிப்ரவரியில அவரைச் சுத்தி 'உனோவிஸ்'னு ஒரு ஓவியர் குழு உருவாச்சு. சட்டைக் கையில கறுப்புச் சதுரத்தைத் தெச்சுக்கிட்டுத் திரிஞ்சாங்க! ஊர்ச் சுவரு, டிராம் எல்லாத்துலயும் வட்டமும் சதுரமும்தான். அந்த வருஷம் பொறந்த தன் பொண்ணுக்கு மலேவிச் 'உனா'ன்னு பேரே வெச்சாரு.

ஷகாலோட வகுப்புலேருந்து பசங்க ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் போயிட்டாங்க. எனக்கு மலேவிச் ரொம்பப் புடிக்கும், அந்தப் பசங்க மேலயும் கோபம் இல்ல, புதுசா ஒண்ணைக் கண்டுட்டாங்க. ஆனாலும் காலி வகுப்புல நிக்கிற ஷகாலை நெனைச்சா மனசு கனத்துப் போகுது. யாரு வேணா வரலாம்னு கதவைத் திறந்துவெச்சவரு அவருதானே!

1920 ஜூன்ல ஊரை விட்டுப் போனாரு. 1973ல சோவியத் நாட்டுக்கு ஒரு தடவை வந்தாரு. மாஸ்கோ போனாரு, லெனின்கிராட் போனாரு. விதெப்ஸ்க்குக்கு மட்டும் வரல.