ஹேல் கவுண்டியின் பச்சைக் கிடங்கு

அவையோருக்கு வணக்கம். ஓர் ஊரின் அடையாளம் என்றதும் கோபுரமும் கோட்டையும் மணிக்கூண்டும் நினைவுக்கு வருவது இயல்பு. அமெரிக்கத் தென்மாநிலமான அலபாமாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் வில்லியம் கிறிஸ்டன்பெரி தம் சிற்றூர்களுக்குத் தேர்ந்தெடுத்த அடையாளங்களோ பச்சை வண்ணம் பூசிய கிடங்கு, சாலையோர உணவுக்கடை, மரத்தால் ஆன தேவாலயம் போன்றவை.

அவர் 1936இல் டஸ்கலூசாவில் பிறந்தார். வாக்கர் எவன்ஸ் என்னும் புகைப்படக் கலைஞரும் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் அலபாமாவில் பருத்தி விளையும் ஹேல் கவுண்டி என்னும் மாவட்டத்துக்கு வந்து, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் பயிரிடும் வாரக் குடியானவர் குடும்பங்கள் மூன்றைப் பதிவு செய்ததும் அதே ஆண்டில்தான். 1941இல் வெளியான அவர்களது நூல் 1960இல் கிறிஸ்டன்பெரியின் கைக்குக் கிடைத்தபோது, தம் தாத்தா பாட்டி வாழ்ந்த மண்ணையே அதில் அவர் கண்டார். அப்போது அவர் ஓவியர். சிறுவயதில் கிடைத்த பிரவுனி என்னும் எளிய கேமராவால் எடுத்து, மருந்துக்கடையில் கழுவக் கொடுத்து வாங்கிய சிறு வண்ணப் படங்கள் ஓவியத்துக்கான குறிப்புகளாக மட்டுமே அவருக்குப் பயன்பட்டன. அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டென்று உணர்த்தியவர், பின்னர் நியூயார்க்கில் அவர் சந்தித்த எவன்ஸ்தான்.

ஆயினும் எவன்ஸ் செய்யாத ஒன்றைக் கிறிஸ்டன்பெரி செய்தார் என்பதே என் கருத்து. 1968இல் வாஷிங்டனில் குடியேறி அங்கே ஓவியம் கற்பித்துவந்த அவர், ஆண்டுதோறும் கோடையில் அலபாமாவுக்குத் திரும்பி, முன்பு எடுத்த அதே கட்டடங்களுக்கு நேரெதிரே நின்று மீண்டும் படம் எடுத்தார். நியூபெர்ன் ஊரின் பச்சைக் கிடங்கைப் பல பத்தாண்டுகள் இவ்வாறு தொடர்ந்தார். ஹவானா ஜங்ஷனில் முன்பு கடையாக இருந்து, பிறகு கைரேகை பார்க்கும் இடமாக மாறிய ஒரு கட்டடம் இருந்தது; அதன் சன்னலில் உள்ளங்கை வரைந்த பலகை தலைகீழாக இருக்கும். 1961இல் தொடங்கும் அவ்வரிசையில் ஆண்டுக்காண்டு மரமும் செடிகொடிகளும் கட்டடத்தை நெருக்குகின்றன. இறுதிப் படங்களில் கட்டடமே இல்லை. தனிப்படமாகப் பார்த்தால் எவரும் கடந்துபோகக்கூடிய காட்சிதான் என்றாலும், வரிசையாகப் பார்க்கும்போது ஓர் ஊர் எவ்வாறு ஆளற்றுப் போகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. (கடைசிப் படத்தை மட்டும் சுவரில் மாட்டுவோரைக் கண்டால் எனக்கு வருத்தமே.)

இக்கட்டடங்கள் சிலவற்றைச் சிற்பங்களாகவும் செய்து, அலபாமாவின் செம்மண்ணைப் பரப்பி அதன்மேல் நிறுத்தினார்.

இவையெல்லாம் பழமை ஏக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 'கிளான் அறை' என்னும் அவருடைய படைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவரை வன்முறையால் ஒடுக்கிய வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் முக்காடிட்ட உருவங்களைக் கொண்டு 1960களில் அவர் தொடங்கிய அப்படைப்பின் பெரும்பகுதி 1979இல் அவரது பணிக்கூடத்திலிருந்து களவு போயிற்று. அவர் மீண்டும் உருவாக்கினார். தேவாலயத்தையும் கடையையும் அன்போடு பார்த்த அதே கண், அம்மண்ணில் நடந்த கொடுமையையும் விலக்காமல் பார்த்தது. அவருடைய படங்களில் பெரும்பாலும் மனிதர் இல்லை. ஆகவே அந்தக் கடைக்குள் யார் தடையின்றி நுழைய முடிந்தது, யார் வெளியே நிறுத்தப்பட்டார் என்ற கேள்வியைப் பார்வையாளர்தான் எழுப்ப வேண்டும். 'கிளான் அறை'யைக் கண்ட பிறகு அதை எழுப்பாமல் இருப்பது கடினம்.