பெலிஸ்தருக்குப் பக்கத்து ஊர்

வணக்கம், நேயர்களே. இஸ்ரவேலரின் பகைவரான பெலிஸ்தர் பிடித்துக்கொண்டு போன, இஸ்ரவேலர் புனிதமாகப் போற்றிய உடன்படிக்கைப் பெட்டியை, பசுக்கள் பூட்டிய வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிய கதையை விவிலியத்தில் படித்திருப்பீர்கள். அந்த வண்டி வந்து நின்ற ஊர் பெத்ஷிமேஸ். எருசலேமுக்கு மேற்கே, சோரேக் பள்ளத்தாக்கில் அந்தப் பழைய ஊர் புதைந்த மேடு இன்றும் இருக்கிறது. 1911-இல் தொல்லியலாளர் டங்கன் மெக்கென்சி அங்கே தோண்டத் தொடங்கினார். 1990 முதல் ஷ்லோமோ புனிமோவிட்ஸும் ஸ்வி லெடர்மனும் பல ஆண்டுகள் அகழ்ந்தார்கள்.

அந்த நாட்டில் முன்பிருந்தே வாழ்ந்த கானானியரின் ஊர் அது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஏஜியன் கடல் பக்கமிருந்து வந்த பெலிஸ்தர் கடலோரச் சமவெளியில் குடியேறினார்கள். சில தலைமுறைகளில் அவர்களுடைய திம்னா நகரம், ஏழு கிலோமீட்டர் தூரத்திலேயே வளர்ந்து நின்றது. பெத்ஷிமேஸ் மண்ணில் சிவப்பும் கறுப்பும் தீட்டிய பெலிஸ்தப் பானை ஓடுகள் கிடைத்ததும், ஊரே அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று முன்பு சிலர் எண்ணினார்கள். ஆனால் அந்த ஓடுகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பழைய கானானியப் பாணி. நல்ல பானை எங்கே விற்றாலும் வாங்குவார்கள். பானையை வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் எலும்புகளை எண்ணினார்கள். எக்ரோன், அஸ்கலோன் போன்ற பெலிஸ்த நகரங்களில் பன்றி எலும்பு தாராளமாகக் கிடைக்கிறது. பெத்ஷிமேஸில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பக்கத்து ஊரான் தின்கிறான் என்பதாலேயே இவர்கள் பன்றியைத் தள்ளிவைத்தார்கள், "நாங்கள் வேறு" என்ற எண்ணம் அங்கேதான் கெட்டிப்பட்டது என்கிறார்கள் அகழ்வாளர்கள். எனக்குப் பிடித்த விளக்கம்தான். ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு: பெலிஸ்தரின் சிற்றூர்களிலும் பன்றி எலும்பு குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அப்படியானால் இதில் இனத்தோடு நகர வாழ்க்கைக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

உறவு எப்போதும் சுமுகமாக இருக்கவில்லை. 2012-இல் அறிவித்த கண்டுபிடிப்பைப் பாருங்கள். பெத்ஷிமேஸில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய கோயில் ஒன்று. வழிபாட்டுக்கான கிண்ணங்கள், எண்ணெயோ திராட்சை ரசமோ வடிய குழிவு வெட்டிய பெரிய கற்கள். அதை யாரோ இடித்துவிட்டு, அதே இடத்தில் கால்நடைகளை அடைத்திருக்கிறார்கள். சாணப் படிவம் அடுக்கடுக்காகக் கிடந்தது. ஊரைப் பிடித்த பெலிஸ்தர் வேண்டுமென்றே செய்த அவமதிப்பு அது என்பது அகழ்வாளர்களின் கணிப்பு.