பிசகிய இடத்தில் தொடங்கும் கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மர்மக்கதைக்கான கருவை நாள்தோறும் எங்கிருந்து எடுப்பது என்பது பற்றி உதகையில் பேசக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி கூறி, நேரே பொருளுக்கு வருகிறேன். மலையில் கதை நடக்கிறது என்றாலே மூடுபனியையும் பாழடைந்த பங்களாவையும் இறக்கிவிடுவது சமவெளி எழுத்தாளர்களின் நெடுநாள் பழக்கம். இங்கேயே வாழும் நமக்கோ மூடுபனி துணி காயவிடாத தொல்லை, அவ்வளவுதான்.

கருவைத் தேடுகிறவர் முதலில் தம் ஊரின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. தேயிலைக் கொழுந்து எத்தனை மணிக்கு எடை போடப்படும், கடைசிப் பேருந்து எந்தத் திருப்பத்தில் நிற்காமல் போகும் என்றெல்லாம் அறிந்தவருக்குத்தான் அவற்றுள் ஒன்று பிசகும்போது கண்ணில் படும்; துப்பு என்பது அந்தப் பிசகே.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்குள்ள தாழ்வான புல்வெளிகளில் பிடிக்கும் உறைபனியை எடுத்துக்கொள்ளுங்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்திடம் இழப்பதால்தான் பனி உறைகிறது. ஆகவே மேலே மறைப்பு உள்ள இடங்களில், மரத்தடியிலும் நிறுத்திய காரின் அடியிலும், அது பெரும்பாலும் பிடிப்பதில்லை. காலையில் உதகையை அடுத்த தலைகுந்தா பக்கம் நடக்கிறீர்கள்; வெள்ளைப் புல்வெளியின் நடுவே ஒரு கார் அளவுக்குப் பச்சைச் செவ்வகம் தெரிகிறது, காரைக் காணோம். செவ்வகம் பளிச்சென்று பச்சையாக இருந்தால் வண்டி சற்று முன்புதான் கிளம்பியிருக்கிறது. அதன்மேலும் மெல்லிய வெண்மை படிந்திருந்தால் கிளம்பிச் சில மணி நேரம் ஆகியிருக்கும். "விருந்தாளி இரவு பத்து மணிக்கே போய்விட்டார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வாரேயானால், முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் வெயில் ஏறியதும் இந்தச் சாட்சியம் உருகிவிடும் என்பதால், அதைப் பார்ப்பவர் விடியுமுன் வெளியே வரக் காரணமுள்ளவராக இருக்க வேண்டும். கேரட் தோட்டத்துக்கு இருட்டிலேயே வேலைக்குப் போகும் ஓர் அக்காவைத்தான் நான் துப்பறிய வைப்பேன். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகள் நம் கதைகளில் போதும் போதும் என்கிற அளவுக்கு உழைத்துவிட்டார்கள்.

மழை நாளில் கொழுந்தை எடை போடும்போது, இலையில் ஒட்டிய ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். காலை முழுக்க மழை பெய்த நாளில் ஒருவருடைய மூட்டைக்கு மட்டும் கழிவு இல்லையென்றால், அந்த இலை எப்போது பறித்தது, எடை போட்டவருக்கும் அவருக்கும் என்ன பேச்சு என்று கேள்விகள் கிளம்பும். சமையலறையும் அப்படித்தான். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். "பானையில் துவரம்பருப்பை வைத்து இருபது நிமிடத்தில் இறக்கினேன், அதுவரை அடுப்படியை விட்டு நகரவில்லை" என்பவர் இம்மலையில் பருப்பு வேகவைத்தவரே அல்லர்.

பிசகு ஒன்று கிடைத்ததும் உடனே கொலையாளியைத் தேடாமல், அதற்குக் குற்றமில்லாத காரணங்களை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் தார்ப்பாய் விரித்துக் கிடந்திருந்தாலும் புல்லில் அதே செவ்வகம் விழும். வாசகரை நேர்மையாகத் திசைதிருப்ப உதவுபவை இந்தக் காரணங்களே.

ஊரின் புதிய வழக்கங்களையும் கணக்கில் கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்தாக வேண்டும். எனவே கொலையாளி தன் காரில் ஓசையின்றி மலையேறினான் என்று இனி எழுத முடியாது. அவனை அரசுப் பேருந்தில் ஏற்றலாம், அல்லது நீலகிரிக்குரிய டிஎன் 43 பதிவெண் வண்டி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரை உடந்தையாக்கலாம். இரண்டாவதே மேல் என்பேன். உடந்தையானவர் வாய் திறப்பாரா மாட்டாரா என்பதிலேயே கதையின் பின்பாதி ஓடிவிடும்.