சாலட்டுக்குப் பிறகு ஒரு கொலை

அவையோருக்கு வணக்கம். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் நாடகக் குழுவோடு சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தவன் என்பதுதான் இங்கே பேச எனக்குள்ள தகுதி. நடிப்பு வராதவர்களுக்கு அந்தக் குழுவில் தட்டு ஏந்தும் வேலை கொடுப்பார்கள். நான் தட்டு ஏந்தினேன். டின்னர் தியேட்டரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி.

டின்னர் தியேட்டர் என்றால் சாப்பாட்டு மேசையில் அமர்ந்தபடியே நாடகம் பார்ப்பது. 1953இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஹனோவரில், பழைய விடுதிக் கட்டடம் ஒன்றில் நடிகர்கள் சிலர் தொடங்கிய பார்க்ஸ்டேல் தியேட்டரை அமெரிக்காவின் முதல் டின்னர் தியேட்டர் என்பார்கள். மினசோட்டாவின் சான்ஹாசனில் 1968இல் தொடங்கிய அரங்கும் பெயர் பெற்றது. அவை தொழில்முறை அரங்குகள். நான் சொல்ல வந்தது ஊர்க்காரர்களே நடத்துவதைப் பற்றி. தேவாலயக் கூடமோ பள்ளி உணவுக்கூடமோ கிடைக்கும். வட்ட மேசைகளைப் போடுவார்கள். நடிகர்கள் பகலில் வங்கியிலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள். நூலகத்துக்கோ தீயணைப்புப் படைக்கோ நிதி திரட்டுவது நோக்கமாக இருக்கும். டிக்கெட் பணத்தில் கோழிக்கும் பங்கு உண்டு, கலைக்கும் பங்கு உண்டு.

இத்தகைய இடத்தில் சோக நாடகம் எடுபடாது. மென்றுகொண்டிருப்பவர்களை அழவைப்பது சிரமம். கொலை மர்மம் எடுபடும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத எட்டுப் பேருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடுகிறதே! சாலட் வரும்போது பாத்திரங்கள் அறிமுகமாவார்கள். சாலட் தட்டுகளை எடுத்ததும் கொலை விழும். கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிடும் நேரத்தில் சந்தேகத்துக்கு ஆளானவர்கள் மேசை மேசையாக வந்து பொய் சொல்வார்கள். இனிப்போடு உண்மை வெளிவரும்.

ஆக, யார் பெயரை நோட்டீசில் போட்டாலும் இயக்குநர் சமையலறையில்தான் இருக்கிறார். கோழி வெந்துவிட்டால் துப்பறிவாளரின் வசனம் முடியட்டும் என்று காத்திருக்காது. வேகாவிட்டால் சங்கடம் இன்னும் பெரிது. அதனால் அனுபவமுள்ள குழுக்கள் கொலைக்குப் பின் இழுக்கவும் சுருக்கவும் தோதான ஒரு விசாரணைக் காட்சியை வைத்திருக்கும். சமையலறைக் கதவருகே ஒருவர் துண்டோடு நிற்பார். துண்டு தோளில் கிடந்தால் இழுக்க வேண்டும். கைக்கு வந்தால் முடிக்க வேண்டும். ஓர் இரவு அடுப்பு சதி செய்தது. எங்கள் துப்பறிவாளர் பகலில் காப்பீட்டு முகவர். சந்தேக நபர் ஒவ்வொருவரிடமும் ஆயுள் காப்பீடு எடுத்திருக்கிறாரா, தவணை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று நிதானமாக விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஆனால் பதிப்பகத்திடம் உரிமை வாங்கிய நாடகத்தில் இப்படி வசனம் சேர்க்க முடியாது, அனுமதி வேண்டும். பல குழுக்கள் தாங்களே எழுதிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கடினமான பகுதி. சிரிப்பும் தடயமும் ஒரே வாக்கியத்துக்காகச் சண்டை போடும். நம் சபா நாடகங்களை நினைத்துப் பாருங்கள். கிரேசி மோகன் நாடகத்தில் ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்தது வந்து நிற்கும். நடுவில் இரண்டைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை. கொலை மர்மத்தில் அந்தத் தாராளம் செல்லாது. தோட்டக்காரருக்கு இடது கைப் பழக்கம் என்ற செய்தி சிரிப்பில் மூழ்கிவிட்டால், கடைசியில் துப்பறிவாளர் அதை எடுத்துக் காட்டும்போது கூடமே கோபித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு முள்கரண்டிகளின் சத்தம், ரொட்டி இன்னும் வரவில்லை என்று குரல் கொடுக்கும் பெரியவர்.

ஆகவே தடயத்தைச் சிரிப்புக்கு முன்னால் வையுங்கள். தோட்டக்காரர் அமைதியான ஒரு நேரத்தில் இடது கையால் கையெழுத்துப் போடட்டும், எல்லோரும் பார்க்கட்டும். அடுத்த நொடி அவருடைய கால்சட்டை கிழியட்டும். சிரித்து ஓய்வதற்குள் கையெழுத்து மறந்துபோயிருக்கும். ஆனால் காட்டவே இல்லை என்று ஒருவரும் குறை சொல்ல முடியாது. அதையே உயிலின் நகலாகவோ கிழிந்த கடிதமாகவோ அச்சடித்து, கோழியோடு மேசைக்கு அனுப்பிவிட்டால் காது மந்தமானவரும் ஆட்டத்தில் இருப்பார்.

கொலையாளி யாரென்று பார்வையாளர்களே வாக்களிக்கும் வகையும் உண்டு. பால் பொர்ட்னர் 1963இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நாடகத்திலிருந்து உருவான ‘ஷியர் மேட்னஸ்’ அப்படிப்பட்டது. முடிதிருத்தும் நிலையத்தில் நடக்கும் கதை. பார்வையாளர்கள் சந்தேக நபர்களைக் கேள்வி கேட்கலாம். பாஸ்டனில் 1980இல் தொடங்கி 2020 வரை ஓடியது. கேட்க எளிதாக இருக்கிறது, எழுதிப் பாருங்கள்! ஒவ்வொரு தடயமும் எல்லோர் பக்கமும் கொஞ்சம் சாய வேண்டும். எல்லா முடிவுகளையும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். மூன்று முடிவுகளுக்கு மேல் ஊர்க்குழு தாங்காது என்பது என் கணிப்பு. இன்னொன்றும் கவனித்தேன்: மக்கள் தடயத்துக்கு வாக்களிப்பதில்லை, தங்களை அதிகம் சிரிக்கவைத்தவருக்கு வாக்களிக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் யார் கோமாளியோ, அவர் கொலையாளியாகும் முடிவை நன்றாக ஒத்திகை பாருங்கள்.

துப்பாக்கி வேண்டாம். குண்டில்லாத வெற்றுத் தோட்டாவும் அருகில் வெடித்தால் ஆளைக் கொல்லும். 1984இல் ஜான் எரிக் ஹெக்சம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்துபோனார். விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் ஒரு தட்டை விழவிடுங்கள், போதும். நஞ்சு வசதியானதுதான். ஆனால் பார்வையாளர்களுக்குப் பரிமாறிய அதே பண்டத்தில் நஞ்சு இருந்ததாகக் கதை எழுதாதீர்கள். மறுநாள் சமையல் செய்ய யாரும் வரமாட்டார்கள்.

பிணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். திரை இல்லாத கூடம். பக்கத்தில் சடலம் கிடக்க யாரால் சாப்பிட முடியும்? பரிமாறுபவர்களே தூக்கிக்கொண்டு போவோம். வாசலைத் தாண்டியதும் இறந்தவர் எழுந்து ஏப்ரனைக் கட்டிக்கொள்வார். இருநூறு தட்டுகள் கழுவக் கிடக்கும், மற்ற நடிகர்கள் எல்லோரும் மேடையில் இருப்பார்கள். எனவே அந்த வேடத்துக்கு ஆள் எடுக்கும்போது குரல் வளம் பார்க்காதீர்கள், பாத்திரம் கழுவ வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.